ஒருமுறைகூட ஓட்டாத எட்டு வருடப் பழைய பைக் டயரை இப்போது மாட்டலாமா?

கேள்வி கேட்டவரிடம் ஒரு ஜோடி டயர் இருக்கிறது. வாங்கி எட்டு வருடம் ஆகிவிட்டது. ரோட்டையே பார்க்காதது, பட்டன் முழுசாக இருக்கிறது. "புது டயர்தானே, ஏன் வீணாக்க வேண்டும்?" என்கிறார். அந்த மனசு எனக்கு நன்றாகவே புரிகிறது. இருந்தாலும் என் பதில், மாட்ட வேண்டாம் என்பதுதான். முன்சக்கரத்தில் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.

நான் இதைச் செய்து பார்த்தவன். பின்சக்கரத்துக்கு வாங்கிய ஒரு டயர் ஏழு வருடம் பரணில் கிடந்தது. இறக்கிப் பார்த்தபோது, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்குமே மெல்லிய ரப்பர் முடி, அதுகூட உதிரவில்லை. மாட்டும்போது மெக்கானிக், "தம்பி, கட்டை மாதிரி இருக்கு, லிவருக்கு வளையவே மாட்டேங்குது" என்றார். நான் காதில் வாங்கவில்லை. காய்ந்த ரோட்டில் மூன்று வாரம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. முதல் மழை பெய்த அன்று ஒரு வளைவில், வழக்கமான வேகத்தைவிடக் குறைவாகத்தான் போனேன். ஆக்சிலேட்டரை லேசாகத் திறந்ததும் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போனது. காறை எலும்பில் விரிசல், ஆறு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. பின்னால் வந்த வண்டி தள்ளி வந்ததால் அதோடு போயிற்று.

அதற்குப் பிறகுதான் ரப்பரைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கித்தான் டயரை உறுதியாக்குகிறார்கள். கந்தகம் ரப்பரின் நீளமான இழைகளுக்கு நடுவே முடிச்சுப் போடுகிறது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகும் இந்த மாற்றம் முழுசாக நிற்பதில்லை. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் உள்ளே ஊறி இன்னும் முடிச்சுகளைச் சேர்க்கிறது. ரப்பரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய்களும் மெதுவாக வெளியேறுகின்றன. மொத்தத்தில் டயர் இறுகிப்போகிறது. ரோட்டில் இருக்கும் பொடிப்பொடி மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் அழுந்திப் பதிந்தால்தான் பிடிமானம். இறுகிய ரப்பர் பதியாது. காய்ந்த ரோட்டில் ஓரளவு சமாளித்துவிடும், ஈரத்தில் கைவிட்டுவிடும்.

இன்னொன்று, விரிசல். "ஒரு விரிசல்கூட இல்லையே" என்று எல்லாரும் சொல்கிறார்கள், நானும் சொன்னேன். பக்கவாட்டில் வரும் அந்த மெல்லிய விரிசல்களுக்குப் பெரும்பாலும் காற்றில் உள்ள ஓசோன்தான் காரணம். ஆனால் இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் ஓசோன் பிளக்கும். ரிம்மில் ஏறாமல், காற்றடிக்காமல் சும்மா கிடந்த டயரில் இழுவிசை பெரிதாக இல்லை, அதனால் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும். மாட்டிக் காற்றடித்து, எடை ஏற்றி ஓட்டத் தொடங்கிய சில வாரங்களில் விரிசல் தலைகாட்டலாம். ஓசோனைத் தடுக்க ரப்பரில் மெழுகு போன்ற பொருள்களைக் கலந்திருப்பார்கள். டயர் ஓடி வளைந்து நெளியும்போதுதான் அவை நன்றாக மேலே கசிந்து ஒரு படலமாகப் படியும். கிடப்பில் இருந்த டயருக்கு அந்தக் கவசமும் சரியாகக் கிடைப்பதில்லை.

சரி, வயதை எப்படிப் பார்ப்பது? வாங்கிய தேதியை விடுங்கள், கடையில் எத்தனை மாதம் இருந்ததோ. பக்கவாட்டில் சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஒரு பக்கம் இல்லாவிட்டால் மறுபக்கம் தேடுங்கள். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், தொடவே வேண்டாம். மிஷலின் போன்ற நிறுவனங்கள், ஓடத் தொடங்கி ஐந்து வருடம் ஆன டயரை வருடம் ஒருமுறையாவது விவரம் தெரிந்தவரிடம் காட்டச் சொல்கின்றன. செய்த தேதியிலிருந்து பத்து வருடம் ஆனால், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. பத்து வருடம் வரை பயமில்லை என்று இதைப் பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

2012இல் இங்கிலாந்தில் ஒரு இசை விழாவிலிருந்து திரும்பிய பேருந்து விபத்துக்குள்ளாகி மூன்று பேர் இறந்தார்கள். வெடித்த முன் டயருக்கு வயது பத்தொன்பதுக்கு மேல், அந்தப் பேருந்தைவிட மூத்த டயர். இறந்த இளைஞர் ஒருவரின் தாய் வருடக்கணக்காகப் போராடினார். 2021 பிப்ரவரி முதல் பிரிட்டனில் பேருந்து, லாரிகளின் முன் அச்சில் பத்து வருடத்துக்கு மேற்பட்ட டயர் கூடாது என்று சட்டமானது. நான்கு, ஆறு சக்கரம் உள்ள வண்டிக்கே இப்படி. நமக்கு ரோட்டைத் தொடுவது இரண்டு உள்ளங்கை அகலம்தான்.

உங்கள் டயர் செய்து மூன்று, நான்கு வருடம்தான் ஆகியிருந்து, இருட்டான, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருக்கும். அப்போதும் பட்டன்களின் இடுக்கை விரித்துப் பாருங்கள், நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதியாமல் வழுக்கினால் ஒதுக்கிவிடுங்கள். ரிம்மில் உட்காரும் ஓரம் கோணியிருக்கிறதா என்பதும் முக்கியம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தால் அது நடக்கும். மோட்டார், வெல்டிங் மெஷின் ஓடும் இடத்தில் வைத்திருந்தால் கூடுதல் கவனம் தேவை, அவை ஓசோனை உண்டாக்குகின்றன. பெட்ரோல், எண்ணெய் பட்ட ரப்பரை நம்ப வேண்டாம். கறுப்பாகப் பளபளக்க வைக்கும் பாலிஷைத் தடவிவிட்டுப் பார்க்காதீர்கள், விரிசலை மறைத்துவிடும்.

அப்புறம், டயரோடு சேர்த்து எடுத்து வைத்த ட்யூபும் அதே வயதுதான். மடித்து வைத்த இடத்தில் கோடு விழுந்திருக்கும், வால்வு அடிப்பாகம் விட்டுப்போயிருக்கும். ட்யூப்லெஸ் என்றால் ரிம்மில் இருக்கும் ரப்பர் வால்வையும் டயரோடு மாற்றிவிடுங்கள்.