அமெரிக்கக் கால்பந்தில் முதன்மை க்வாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) இல்லாமல் சூப்பர் பவுல் எனும் இறுதிப் போட்டியை வென்ற அணி உண்டா?

உண்டு. 1990 சீசனில் மாற்று ஆள் ஜெஃப் ஹாஸ்டெட்லரை வைத்து நியூயார்க் ஜயன்ட்ஸ் ஜெயித்திருக்கிறது. ஆனால் எனக்கு நெஞ்சுக்கு நெருக்கமானது 2017 சீசனின் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ்தான்.

முந்தைய ஆண்டு 7 வெற்றி, 9 தோல்வி என்று முடித்த அணி அது. 2017இல் முதல் 12 ஆட்டங்களில் 10ஐ வென்றார்கள். இரண்டாவது ஆண்டே ஆடிய முதன்மை க்வாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ் அந்த சீசனில் 33 டச் டவுன் பாஸ் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுத்துத் தரும் எறிதல்) போட்டார். டிசம்பர் 10, லாஸ் ஏஞ்சல்ஸில் ராம்ஸ் அணியுடன் ஆட்டம். எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்த வென்ட்ஸை இருவர் மோதியதில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த டச் டவுனும் ஃபவுல் என்று ரத்தானது. மனிதர் வெளியே போகவில்லை. அதே காலோடு இன்னும் சில பந்துகள் ஆடி, அல்ஷான் ஜெஃப்ரிக்கு டச் டவுன் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அப்புறம் வந்தவர் மாற்று க்வாட்டர்பேக் நிக் ஃபோல்ஸ். 2016இல் ஆட்டத்தையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். ராம்ஸை 43-35 என்று வென்றாலும், அடுத்த வாரங்களில் அவர் தடுமாறினார். கடைசி லீக் ஆட்டத்தில் டல்லஸிடம் 6-0 தோல்வி. 13-3 என்று முதலிடத்தில் முடித்தும், பிளே ஆஃப் எனும் நாக் அவுட் சுற்றில் சொந்த மைதானத்திலேயே அட்லாண்டாவிடம் தோற்கும் என்றுதான் கணித்தார்கள். 15-10 என்று தப்பித்தார்கள். அடுத்து மின்னசோட்டாவை 38-7 என்று துவைத்தெடுத்தார்கள்.

ஃபோல்ஸ் எப்படி மாறினார்? என்னைக் கேட்டால், பெரும் பங்கு பயிற்சியாளர்களுக்கு. தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் கிரீன் பே அணியில் பிரெட் ஃபார்வுக்கு மாற்றாக வருடக்கணக்கில் பெஞ்சில் இருந்தவர். தாக்குதல் ஆட்டத்தைக் கவனித்த ஃபிராங்க் ரைக்கும் அப்படித்தான். 1993 ஜனவரியில் பஃபலோவுக்காக மாற்று ஆளாக ஆடி, 35-3 என்று பின்தங்கிய ஆட்டத்தை வென்று காட்டியவர். மாற்று ஆளின் மனசு இருவருக்கும் தெரியும். ஃபோல்ஸுக்குக் கைவந்த ஆட்டங்களாகப் பார்த்துக் கொடுத்தார்கள். அவரை நம்பித் துணிந்தும் ஆடினார்கள்.

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ். எதிரே டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ். முதல் பாதி முடிய 38 நொடி இருக்கும்போது ஃபோல்ஸ் தானே ஓடிப்போய் டச் டவுன் பிடித்தாரே, 'ஃபில்லி ஸ்பெஷல்', அதை எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய துணிச்சல் கடைசிக் கால் பகுதியில் நடந்தது. ஈகிள்ஸ் 33-32 என்று பின்தங்கியிருக்கிறது. மீதி 5:39 நிமிடம். சொந்தப் பக்கம் 45ஆவது யார்டில் நாலாவது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நாலு வாய்ப்பில் கடைசி), தேவை ஒரே யார்டு. வழக்கமாக இங்கே பந்தை உதைத்துத் தூரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். தவறினால் பிரேடிக்குப் பாதி மைதானம் சும்மா கிடைக்கும். பீடர்சன் உதைக்கச் சொல்லவில்லை. நெருக்கியடித்து வந்த தடுப்பாளர்களுக்கு நடுவே ஃபோல்ஸ் பந்தை ஜாக் எர்ட்ஸுக்குத் தள்ளிவிட, இரண்டு யார்டு கிடைத்தது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் படபடப்பு அடங்காது.

அதே எர்ட்ஸ் 2:21 இருக்கும்போது டச் டவுன் போட்டார். அடுத்து பிரேடியின் கையிலிருந்தே பிராண்டன் கிரஹாம் பந்தைத் தட்டிவிட்டார். அன்றைக்கு 505 யார்டு எறிந்த பிரேடியை ஈகிள்ஸ் பந்தோடு மடக்கியது அந்த ஒரே முறைதான். 41-33. 1960க்குப் பிறகு ஃபிலடெல்பியாவுக்கு முதல் பட்டம், முதல் சூப்பர் பவுல். ஆட்ட நாயகன் ஃபோல்ஸ்.

முழு ஆட்டமும் பார்க்க நேரமில்லை என்றால், கடிகாரத்தில் பத்து நிமிடம் மிச்சமிருக்கும் இடத்திலிருந்து பாருங்கள்.