பூசணம் பூத்த பெல்ட்டும் கரும்பலகைச் சாக்பீஸும்

கேள்வி: பளு தூக்குவதற்காகச் சென்ற ஆண்டு பத்து மில்லிமீட்டர் தடிமனுள்ள தோல் பெல்ட் வாங்கினேன். ஐப்பசி மழையில் மூன்று வாரம் ஜிம்முக்குப் போகாமல், அதைப் பையிலேயே விட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் வெண்பச்சைப் பூசணம், கூடவே வாடை. இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்ததும் விறைத்துப் போய்விட்டது. தேங்காய் எண்ணெய் தடவலாம் என்கிறார் நண்பர். தடவலாமா ஐயா?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தடவ வேண்டாம். வெயிலில் போட்டதே முதல் பிழை. எண்ணெய் ஊற்றினால் அது இரண்டாவதாகிவிடும். கெட்டியான பெல்ட்டுகள் பெரும்பாலும் மரப்பட்டை முதலிய தாவரப் பொருள்களால் பதனிட்ட மாட்டுத்தோலில் செய்யப்படுபவை. நம் பக்கத்தில் ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையை இதற்குப் பயன்படுத்தினார்கள். இவ்வகைத் தோல் உறுதியாக நிற்கும். ஆனால் வியர்வையை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும். பதனிடும்போது ஏற்றிய எண்ணெய்ப்பசை நார்களுக்கிடையே இருப்பதால்தான் தோல் வளைந்து கொடுக்கிறது. கடும் வெயிலில் ஈரம் வேகமாக வற்றும்போது அந்த நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுகின்றன.

முதலில் பெல்ட்டை வெளியே எடுத்துச் சென்று, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு, உலர்ந்த பழைய டூத் பிரஷால் பூசணத்தைத் தேய்த்து உதறுங்கள். பிறகு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்து ஒட்டப் பிழிந்த துணியால் துடையுங்கள். கண்ணில் படாத ஓர் ஓரத்தில் விரற்கடை அளவு துடைத்து, சாயம் போகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகே முழுவதையும் தொட வேண்டும். நிழலில், மின்விசிறிக் காற்றில், நன்றாக உலரும்வரை தொங்கவிடுங்கள். அதன்பின் தோலுக்கென்றே கடைகளில் விற்கும் கண்டிஷனரைத் துணியில் சிறிதளவு எடுத்து மெல்லியதாகப் பூசி, பெல்ட்டை இரு பக்கமுமாகப் பலமுறை சுருட்டி விரித்தால் விறைப்பு மெல்லத் தளரும். உட்புறம் மெத்தென்ற ஸ்வீடாக (மெல்லிய மயிர்ப்பரப்புள்ள தோலாக) இருந்தால் அங்கே எதையும் பூசாமல், பிரஷால் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறல் வாடை தருவதோடு, தோலைத் தொளதொளவென்று ஆக்கிவிடும். மூச்சை உள்ளிழுத்து அடக்கி, வயிற்றால் பெல்ட்டை நெட்டித் தள்ளும்போது, அது விட்டுக்கொடுக்காமல் நிற்பதால்தான் வயிற்றறையின் அழுத்தம் கூடி முதுகெலும்புக்குத் தாங்கல் கிடைக்கிறது. துணிபோல் மடங்கும் பெல்ட்டால் அந்த வேலை நடக்காது. இனிமேல் பயிற்சி முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, வீட்டில் ஓர் ஆணியில் மாட்டிவிடுங்கள். பையில் வைத்து மறப்பதுதான் எல்லாத் தொல்லைக்கும் மூலம்.

கேள்வி: கை வழுக்காமலிருக்கக் கரும்பலகைச் சாக்பீஸைப் பொடி செய்து பூசிக்கொள்ளலாமா? முகத்துக்குப் போடும் பவுடர் ஆகுமா?
– ஒரு கல்லூரி மாணவி, வேலூர்

பதில்: இரண்டும் ஆகா. ஜிம்மில் சாக் என்று சொல்வது மெக்னீசியம் கார்பனேட். பள்ளிச் சாக்பீஸ் ஜிப்சம் அல்லது சுண்ணாம்பு வகையைச் சேர்ந்தது. வியர்வையோடு சேர்ந்தால் குழைந்து, நீங்கள் விரும்பியதற்கு நேர்மாறாக வழுக்கும். முகப்பவுடரோ வழுக்குவதற்கென்றே பிறந்தது. தரையிலிருந்து பளுவைத் தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் போட்டிகளில் பார், அதாவது பளு மாட்டிய இரும்புத் தண்டு, தொடையில் உரசாமல் ஏறுவதற்காகச் சிலர் அதைத் தொடையில் பூசுவதுண்டு. அந்தக் கையைத் துடைக்காமல் பாரைப் பிடித்தால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

சாக்கை அள்ளிக் கொட்டுவதிலும் பயனில்லை. கையை முதலில் துண்டால் துடைத்துவிட்டு, திருநீறு பூசும் அளவுக்கு எடுத்து, உள்ளங்கையிலும் விரல்கள் மடங்கும் இடங்களிலும் கட்டைவிரலின் உட்புறத்திலும் தேய்த்தால் போதும். பாரைப் பிடிப்பது அந்த இடங்கள்தாம். பொடி பறக்கிறது என்று ஜிம்மில் தடுத்தால், ஆல்கஹாலில் கலந்த திரவச் சாக் கிடைக்கிறது. ஆனால் கையில் வெடிப்போ கீறலோ இருந்தால் அது சுரீரென்று எரியும். பயிற்சிக்குப் பின் கைகழுவி ஏதேனும் ஒரு கிரீம் தடவுங்கள், ஏனெனில் சாக் வியர்வையோடு தோலின் ஈரத்தையும் வாங்கிவிடும்.

கேள்வி: ஜிம்முக்குள் நுழைந்தது முதல் வெளியேறும்வரை பெல்ட்டைக் கட்டியே இருக்கிறேன். சரிதானா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: தேவையில்லை. ஸ்குவாட் (பளுவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் போன்றவற்றில் கனமான சுற்றுகளுக்கு மட்டும் கட்டி, முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். இரத்த அழுத்தமோ குடலிறக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மூச்சடக்கித் தூக்கக் கூடாது. போட்டிக்குப் போகும் எண்ணமிருந்தால் வாங்கும்போதே அகலத்தை அளந்து பாருங்கள்: ஒலிம்பிக் பளுதூக்குதலில் 12 செ.மீ. வரை அனுமதி உண்டு. ஸ்குவாட், டெட்லிஃப்ட் போன்றவை இடம்பெறும் பவர்லிஃப்டிங் போட்டியின் சர்வதேச விதிகளில் அகலம் 10 செ.மீ., தடிமன் 13 மி.மீ. ஆகியவற்றைத் தாண்டக் கூடாது.