ஊட்டிக் குளிரில் மீன் தொட்டிக்கு ஏர் பம்ப் தேவையா? எப்படி வைப்பது?

"குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரையும், ஊட்டியில் பம்பே வேண்டாம்" என்று கடையில் சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். பாதிதான் சரி. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான்; அழுத்தம் குறைந்தால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 15 டிகிரித் தண்ணீரில் இங்கே லிட்டருக்கு ஏறக்குறைய 7.7 மில்லிகிராம் கரையும். சென்னையில் 28 டிகிரியிலும் கிட்டத்தட்ட அதே அளவு! இங்கே ஹீட்டர் போட்டு 26 டிகிரிக்கு ஏற்றினால் 6 சொச்சம்தான். அதனால் ஹீட்டர் இருந்தால் பம்ப் வையுங்கள்.

ஏர் ஸ்டோனை (டியூப் முனையில் மாட்டும், காற்றைச் சிறு குமிழிகளாக விடும் கல்) ஹீட்டருக்குப் பக்கத்தில், அடியில் வைத்தால் சூடும் பரவும். கொப்பளிக்கணும் என்றில்லை, மேல்பரப்பு அலைந்தால் போதும். ஆக்சிஜன் பெரும்பாலும் அங்கேதான் கரைகிறது.

பம்ப் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். நான் தரையில் வைத்திருந்தேன். மழைக்காலத்தில் ஒரு ராத்திரி கரண்ட் போய், டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கி, காலையில் பம்ப் நனைந்து கிடந்தது. கீழே விரித்திருந்த பாயும் நாசம். மேலே இடமில்லையா, டியூபில் செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விட்டு, தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது) மாட்டுங்கள். முதலில் வாயால் ஊதிப் பாருங்கள்: எந்த முனையில் ஊதினால் காற்று போகிறதோ, அந்த முனை பம்ப் பக்கம்.