கதவு திறந்ததா, திறந்திருந்ததா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டை வைத்து கோதிக் (பழைய கட்டடத்தைச் சுற்றி நடக்கும் திகில்) சிறுகதை எழுதியிருக்கிறேன். ‘திகிலூட்டும்’, ‘அமானுஷ்யமான’ என்று பார்த்துப் பார்த்துப் போட்டும் படித்த தோழிகள் யாரும் பயப்படவில்லை. நடையில் என்ன மாற்ற வேண்டும்? - வாசகி, ராயபுரம்.

பதில்: கதையைப் படித்தேன், வீடு நல்ல வீடு. பயம் வராததற்குக் காரணம் அந்த வார்த்தைகளேதான். ‘திகிலூட்டும் கதவு’ என்று நீங்களே சொல்லிவிட்டால் வாசகர் பயப்பட என்ன மிச்சம்? எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.

அப்புறம் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘மாடிக் கதவு திடீரென்று திறந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். காற்றடித்தாலும் கதவு திறக்கும். ‘மாடிக் கதவு திறந்திருந்தது’ என்று மாற்றுங்கள். முந்தின பத்தியில் கதாநாயகியே அதைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டதைச் சாதாரணமாகச் சொல்லியிருந்தால் போதும், யார் திறந்தது என்று வாசகரே கேட்டுக்கொள்வார்.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருவது இந்த மாதிரிக் கதைக்குப் பெரிய வசதி. ‘படியேறி, சுவிட்சைத் தேடி, இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே போய், இன்னொரு கையைத் தொட்டாள்.’ எச்சங்களாக அடுக்க அடுக்க, முற்று எங்கே என்று மனசு தவிக்கும். ஆனால் எல்லா வாக்கியத்தையும் இப்படி இழுத்தால் சலித்துவிடும். அடுத்தது குட்டையாக இருக்கட்டும்: ‘ஈரக் கை.’

பக்கத்து வீட்டு ஆயாவை ஏன் செய்தி வாசிப்பவர் மாதிரி பேச வைத்தீர்கள்? ‘ராத்திரில தண்ணி கேக்குமாம், குட்த்துடாத’ என்று சொல்லட்டுமே. அந்த ‘ஆம்’ வந்துவிட்டால் யார் சொன்னது, யார் கேட்டது எதுவும் தெரியாது, மறுக்கவும் வழியில்லை. கதைசொல்லி மட்டும் அதைத் தொட வேண்டாம், அவர் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லட்டும்.

பனிமூட்டம், ஓநாய் ஊளை இரண்டையும் எடுத்துவிடுங்கள். 1764இல் ஆங்கில எழுத்தாளர் வால்போல் ‘ஒட்ரான்டோ கோட்டை’ என்ற கோதிக் நாவலை எழுதியபோது அவருக்குக் கோட்டை தேவைப்பட்டது. கோதிக்குக்கு அடிப்படை, செத்துப்போன காலம் ஒரு கட்டடத்தில் தங்கி, அங்கே இருப்பவர்களை விடாமல் பிடித்திருப்பது. உங்கள் பக்கத்திலேயே 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையம் தூண்களோடு நிற்கிறது. உப்புக்காற்றில் துரு பொருக்கு பொருக்காகப் பூத்து, பிடித்தால் உள்ளங்கையில் உதிரும் ஜன்னல் கம்பியை உங்களைவிட யார் நன்றாக எழுத முடியும்?

கோதிக் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், தான் இறந்தபின் 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், திகில் மனதை விரிக்கும், கோரம் அதைச் சுருக்கி உறைய வைக்கும் என்று பிரித்துச் சொல்லியிருக்கிறார். உங்கள் முடிவு கோரம். ரத்தம் வழியும் முகத்தோடு ஆவி வந்து தன் கதையை ஒரு பக்கத்துக்குச் சொல்கிறது, அதுவரை சேர்த்த பயமெல்லாம் விளக்கமாகிவிடுகிறது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புங்கள், கண்டிப்பாகப் படிக்கிறேன்.