ஆமைக்காக அழுவது – கடிதம்

வணக்கம் சார்,

கடலூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். போன மார்ச்சில், ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைக் காட்ட எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தேவனாம்பட்டினம் அழைத்துப்போனேன். பிள்ளைகள் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். நானும்தான். இரண்டு நாள் கழித்து அதே கரையில் ஒரு பெரிய ஆமை செத்து ஒதுங்கியது. படம் வந்ததும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மீனவர்களை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். நானும் ஒரு வரி எழுதினேன். மறுநாள் என் வகுப்புப் பையன் ஒருவன், அவன் அப்பா விசைப்படகில் போகிறவர், "நாங்க கொலைகாரங்களா மிஸ்?" என்று கேட்டான். பதில் வரவில்லை. எங்கள் அழுகையும் கோபமும் வெறும் நடிப்புதானா? இதனால் ஆமைக்கு ஏதாவது உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனின் கேள்வியைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை.

அழுகை நடிப்பு இல்லை. தாழங்குடா பக்கம் ஒரு மாசி மாத இரவில் பங்குனி ஆமை முட்டையிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். நூறு முட்டைக்கு மேல் இருக்கும். இட்டு முடித்ததும் பின்துடுப்பால் மணலைத் தள்ளிக் குழியை மூடியது. அப்புறம் உடம்பை இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்து, ஓட்டின் அடிப்பாகத்தால் மணலை இடித்து இறுக்கியது. தொம் தொம் என்று அந்த அதிர்வு என் பாதத்தில் தெரிந்தது. அதன் கண்ணிலிருந்து நீர் வடிந்துகொண்டே இருந்தது. உடம்பில் சேரும் உப்பை ஆமை அப்படித்தான் வெளியேற்றும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தொண்டை அடைத்தது.

அகநானூற்றின் 160ஆம் பாட்டில் இந்த முட்டைகள் வருகின்றன. தாய் ஆமை மணலில் புதைத்துவிட்டுப் போனதை, குஞ்சு பொரிக்கும்வரை ஆண் ஆமை காவல் காப்பதாகப் பாட்டு சொல்கிறது. உண்மையில் ஆண் ஆமை அந்தப் பக்கமே வருவதில்லை. அத்தனை முட்டைகள் ஆதரவில்லாமல் கிடப்பதைப் பொறுக்க முடியாமல் புலவர் ஒரு காவலை வைத்துவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன். உங்கள் பிள்ளைகளின் கைதட்டலும் அங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் நம் அன்பு குஞ்சோடு நின்றுவிடுகிறது. ஆயிரம் குஞ்சு கடலுக்குப் போனால் ஒன்று பிழைத்து வளர்ந்தால் பெரிது என்பார்கள். அந்த ஒன்றும் முட்டையிடும் வயதுக்கு வரப் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். உங்கள் கரையில் ஒதுங்கியது அப்படித் தப்பிப் பிழைத்த ஓர் ஆமை. 2025 ஜனவரியில் சென்னையிலும் அதை ஒட்டிய கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேல் ஒதுங்கின.

பெரும்பாலும் அவை மூச்சுமுட்டித்தான் சாகின்றன. ஆமை நம்மைப்போல் காற்றைச் சுவாசிப்பது. விசைப்படகு இழுத்துப்போகும் இழுவலை கடலடியில் இரண்டு மூன்று மணி நேரம் போகும். உள்ளே மாட்டினால் மேலே வந்து மூச்சு வாங்க வழியில்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு தொழில் செய்யக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. இறாலோ கரையோரத்தில்தான் கிடைக்கிறது, டீசல் விற்கிற விலையில் படகும் அங்கேயே வருகிறது. இன்னொன்றையும் பாருங்கள். நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஆமை கரைக்கு வருவதோ தை, மாசி, பங்குனியில். தடை தொடங்கும்போது பெரும்பாலான ஆமைகள் முட்டையிட்டு முடித்திருக்கும்.

வழி இல்லாமல் இல்லை. வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டம் பொருத்தலாம். இறால் கம்பி இடுக்கில் நுழைந்து பைக்குள் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, அங்கே விட்டிருக்கும் திறப்பு வழியே வெளியேறிவிடும். கொச்சியில் இருக்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நம் படகுகளுக்கென்றே இதைச் செய்து வைத்திருக்கிறது. இது பரவலாகாததால் 2019இலிருந்து நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஆமையோடு மீனும் போய்விடுமே என்பது படகுக்காரர் கவலை. நியாயமான கவலை. அந்த நஷ்டத்தில் நாம் எவ்வளவு ஏற்றுக்கொள்ளத் தயார் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை.

விசைப்படகில் முப்பது வருடம் டிரைவராக இருந்தவர் ஒருவர் எனக்குப் பழக்கம். ஒருமுறை வலையை ஏற்றியபோது ஆமை ஒன்று அசைவில்லாமல் கிடந்ததாம். பின்பக்கத்தைத் தூக்கிவைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தி, நிழலில் கிடத்தியிருக்கிறார்கள். "மூக்குல நுரை வந்துச்சு. சாயங்காலமா தலையைத் தூக்குச்சு சார்" என்றார். இதை ஏன் வெளியே சொன்னதில்லை என்று கேட்டேன். "ஆமை மாட்டுச்சுன்னு சொன்னா கேஸ் போடுவாங்களோன்னு பயம்." நாம் கொலைகாரன் என்று எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த பயத்தைத்தான் கூட்டுகிறது. பயந்தவர் மாட்டியதைச் சத்தமில்லாமல் கடலில் தள்ளிவிடுவார். எங்கே எப்போது மாட்டுகிறது என்ற விவரமும் அதோடு போய்விடும்.

குஜராத்தில் திமிங்கலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001இல் சட்டம் தடுத்தது. ஆனால் ஊர் மாறியது அதற்கப்புறம்தான். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீடு வரும் மகள் இது என்று ராமாயணச் சொற்பொழிவாளர் மொராரி பாபு மீனவர்களிடம் பேசினார். பிரியமானவள் என்று பொருள்படும் 'வாலி' என்ற பெயரும் நிலைத்தது. மாட்டிய சுறாவை விடுவிக்க வலையை அறுத்தவர்களுக்கு நஷ்ட ஈடும் கிடைத்தது. அதன்பின் நூற்றுக்கணக்கான சுறாக்களை மீனவர்களே விடுவித்திருக்கிறார்கள். தாய்வீட்டு மகள் என்ற பேச்சும் வலைக்கான காசும் இரண்டும் வந்து சேர்ந்தன. நம் கரையில் இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அந்தப் பையனிடம் முதலில் மன்னிப்புக் கேளுங்கள், வகுப்பில் எல்லோர் முன்னாலும். நீங்கள் எழுதிய வரியைப் பற்றியும் சொல்லுங்கள். வரும் தை மாதம் பிள்ளைகளைத் துறைமுகத்துக்கு அழைத்து வாருங்கள். நான் சொன்ன டிரைவர் இழுவலையை விரித்துக் காட்டுகிறேன் என்றிருக்கிறார்; கம்பிச் சட்டம் எந்த இடத்தில் வரும், எதனால் படகுக்காரர் தயங்குகிறார் என்று அவரே சொல்வார். பையனின் அப்பாவும் வரட்டும். ஏலம் முடிந்து ஒன்பது மணிக்கு மேல் வந்தால் நின்று பேச அவர்களுக்கு நேரம் இருக்கும்.