ஓக் மரத்தை வெட்டச் சொல்கிறது இன்சூரன்ஸ் கம்பெனி: வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சான் ஹோசே மலையடிவாரத்தில் சொந்த வீடு. கூரையை ஒட்டி நிற்கும் பெரிய ஓக் மரத்தை 30 நாளில் அகற்றாவிட்டால் பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம் என்று கடிதம் வந்திருக்கிறது. வெட்டிவிடலாமா?

பதில்: இன்றே ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள். கடிதத்தை இன்னொரு முறை படியுங்கள். மரத்தையே எடுக்கச் சொல்கிறார்களா, கூரைமேல் படர்ந்த கிளையை மட்டுமா? இப்போது பல கம்பெனிகள் விமானத்திலிருந்தோ ட்ரோனிலிருந்தோ எடுத்த படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றன. மேலிருந்து பார்த்தால் கூரையை உரசும் கிளையும் அதற்கு மேலே உயரத்தில் போகும் கிளையும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்தப் படம், எந்தத் தேதியில் எடுத்தது என்று கேளுங்கள். கிளைகளைக் கழித்து, புகைபோக்கியிலிருந்து 10 அடி விலக்கி, கூரையில் கிடக்கும் சருகை அள்ளிவிட்டுப் படம் அனுப்பினால் போதுமா என்றும் கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். போனில் சொன்ன 'சரி' நாளைக்கு உதவாது.

புதுப்பிக்க மாட்டோம் என்றால் பாலிசி முடிவதற்கு 75 நாள் முன்பே காரணத்தோடு நோட்டீஸ் தர வேண்டும் என்பது கலிஃபோர்னியா சட்டம். உங்கள் 30 நாள் கம்பெனி வைத்த கெடு.

அப்புறம், முக்கியமான விஷயம். தரையிலிருந்து 54 அங்குல உயரத்தில் அடிமரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். சுற்றளவு 38 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால், சொந்த நிலத்து மரமானாலும் சான் ஹோசே நகராட்சியின் பர்மிட் இல்லாமல் வெட்டக் கூடாது. அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்த மரமென்றால் எல்லாவற்றின் சுற்றளவையும் கூட்டுங்கள். இன்சூரன்ஸ் கடிதம் பர்மிட் ஆகாது. பர்மிட் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். ஒருவர் வெட்டு என்கிறார், இன்னொருவர் வெட்டாதே என்கிறார், நடுவில் வீட்டுக்காரர் அலைகிறார். இவர்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேச மாநில அரசுக்கு இன்னும் எத்தனை காட்டுத்தீ வேண்டுமோ தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டுபவர்களிடம் ஜாக்கிரதை. 'இன்சூரன்ஸ் வேலை எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பாதிப் பணம் கொடுங்கள்' என்பார்கள். முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் வாங்கக் கூடாது. மர வேலைக்கான சி-49 லைசென்ஸ் எண்ணை மாநில ஒப்பந்ததாரர் வாரியத்தின் தளத்தில் சரிபாருங்கள். தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்பதும் அங்கேயே தெரியும். அது இல்லாத ஆள் உங்கள் மரத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் தலையில் விழலாம். மரத்தின் நிலையைச் சொல்ல, வெட்டும் வேலை எடுக்காத ஒரு சான்றுபெற்ற ஆர்பரிஸ்டை (மர வல்லுநரை) தனியாகக் காசு கொடுத்துக் கூப்பிடுங்கள். வெட்டினால்தான் வருமானம் என்பவர் மரம் உளுத்துவிட்டது என்றுதான் சொல்வார்.

ஏஜென்ட் 'ஃபேர் பிளானுக்கு மாறிவிடலாம்' என்றால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். வேறு கம்பெனி எதுவும் எடுத்துக்கொள்ளாத வீடுகளுக்குக் கலிஃபோர்னியாவில் இருக்கும் கடைசி வழி அது; அடிப்படையில் தீக்கான பாலிசி. திருட்டுக்கும் குழாய் உடைப்புக்கும் தனியாக இன்னொன்று வாங்க வேண்டும். கம்பெனி பதிலே தராமல் இழுத்தால், பாலிசி முடியும் தேதிக்கு முன்பே மாநில இன்சூரன்ஸ் துறையில் புகார் கொடுங்கள். எண் 800-927-4357.