கார் ஆம்ப்ளிஃபையருக்கு 8 கேஜ் கம்பி போதுமா, 4 கேஜ் வேண்டுமா?

காரின் பூட்டில் (பின்புறச் சாமான் அறையில்) 600 வாட் மோனோ ஆம்ப்ளிஃபையர் ஒன்றைப் பொருத்தப் போவதாகவும், கடைக்காரர் 8 கேஜ் கம்பி போதும் என்று சொல்ல, நண்பர் அதைவிடத் தடித்த 4 கேஜ் இல்லாமல் வேலையைத் தொடாதே என்று தடுப்பதாகவும், இருவரில் யார் சொல்வது சரி என்றும் கேட்டிருக்கிறீர்கள். நண்பர் சொல்வதே சரி. ஆனால் உறையின் மேல் அச்சிட்டிருக்கும் 4 என்ற எண்ணை மட்டும் நம்பி வாங்கினால், கடைக்காரர் சொன்ன 8 கேஜ்தான் கடைசியில் உங்கள் காருக்குள் வந்து சேரும். நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வாகன மின்வேலை செய்பவன். இந்த ஏமாற்றத்துக்கு நானே ஒரு முறை ஆளானவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மின்னோட்டத்தைக் கணக்கிடுங்கள். 600 வாட் என்பது ஒலிபெருக்கிக்குப் போகும் திறன். உங்களுடையது டி வகுப்பு ஆம்ப்ளிஃபையர் என்றால் அது ஏறக்குறைய 80 விழுக்காடு திறமையோடு இயங்கும் (இழுப்பதில் அவ்வளவு பங்கைத்தான் ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும்) என்று கொள்ளலாம், ஆகவே பேட்டரியிலிருந்து 750 வாட் இழுக்கும். எஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 13.8 வோல்ட்டால் இதை வகுத்தால் 54 ஆம்பியர் வருகிறது. பழைய ஏபி வகுப்புக் கருவியாக இருந்தால் திறமை 50 அல்லது 60 விழுக்காட்டைத் தாண்டாது, மின்னோட்டமும் அதற்கேற்ப 70, 80 ஆம்பியருக்கு மேல் ஏறும். வீட்டில் 2000 வாட் கெட்டில் 9 ஆம்பியர்கூட எடுக்காமல் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் நிம்மதியாகக் கொதிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த எண் நம்பமுடியாததாகத் தோன்றும். அங்கே 230 வோல்ட், இங்கே 13.8 வோல்ட், அழுத்தம் குறைந்தால் அதே திறனுக்கு ஓட்டம் பெருகியே ஆக வேண்டும்.

அடுத்தது நீளம். செம்புக் கம்பியில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு, மின்தடை ஏறக்குறைய 0.0172 ஓம். பேட்டரியிலிருந்து பூட் வரை கம்பி வளைந்து நெளிந்து போவதையும் சேர்த்து 5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 8 கேஜ் கம்பியின் 8.4 சதுர மில்லிமீட்டர் செம்பில், 54 ஆம்பியர் ஓடும்போது, 0.55 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். 4 கேஜ் கம்பியின் 21 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 0.22 வோல்ட்தான். (இந்த அளவு முறையில் எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும், 3 எண் இறங்கினால் பரப்பு ஏறக்குறைய இரட்டிக்கும்.) நான் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பை ஏற்பதில்லை, ஏனென்றால் எர்த் இணைப்பும் (கருவியின் மைனஸைக் காரின் உடற்தகட்டோடு இணைப்பது) ஃப்யூஸ் பிடிப்பானும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் விழுங்கும்.

8 கேஜ் போட்டால் உடனே தீப்பிடித்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. இசை என்பது இடைவிடாத முழு ஓட்டம் அன்று, சராசரி மின்னோட்டம் உச்சத்தைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். நாதஸ்வரக் கச்சேரி கேட்பவருக்கு 8 கேஜ் கம்பியே காலம் தள்ளிவிடும். ஆனால் நம் ஊரிலேயே பிறந்த கோம் இசையை டாக்ஸிக்காரர்கள் வைக்கும் அளவுக்கு வைத்துக் கேட்பவருக்கு, அடிமேல் அடியாக வரும் அந்தத் தாழ்ந்த ஒலி கம்பியை ஆறவே விடாது.

இனி என் கதை. பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய கொரோலாவுக்கு ஒரு கடையில் '4 கேஜ்' என்று பெரிதாக அச்சிட்ட கம்பித் தொகுப்பு வாங்கினேன். இசையின் ஒவ்வொரு தாள அடிக்கும் முன்விளக்குகள் மங்கி மங்கி எரிந்தன. பேட்டரியை மாற்றினேன், ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதித்தேன், பணம்தான் போயிற்று. கடைசியில் ஃப்யூஸ் பிடிப்பானின் பிளாஸ்டிக் இளகியிருப்பதைக் கண்டு கம்பியை வெட்டிப் பார்த்தபோது, விரல் தடிமன் உறைக்குள் 0.2 மில்லிமீட்டர் இழைகள் 280 மட்டுமே இருந்தன, அதாவது 8.8 சதுர மில்லிமீட்டர். உண்மையான 4 கேஜ் என்றால் அதே இழைகள் 670க்குமேல் இருந்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு, இழையைக் கத்தியால் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது: செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான்; ஆக நான் 4 கேஜுக்குக் காசு கொடுத்து, 8 கேஜ் செம்பைவிட மோசமான ஒன்றை வாங்கியிருந்தேன்.

ஆகையால் கேஜ் எண்ணை மறந்துவிட்டு, சதுர மில்லிமீட்டரில் கேளுங்கள். தென்னாப்பிரிக்காவில் மின்சாமான் கடைகளில் கம்பி அப்படித்தான் விற்கப்படுகிறது, உங்களுக்கு வேண்டியது 25 சதுர மில்லிமீட்டர். வெல்டிங் கேபிள் அந்த அளவில் கிடைக்கும். மெல்லிய செம்பு இழைகளால் ஆனதால் நன்றாக வளையும், பெயர்பெற்ற ஆடியோ தொகுப்புகளைவிட எனக்கு அதன்மேல்தான் நம்பிக்கை. எஞ்சின் பகுதியில் எண்ணெயும் சூடும் படாதபடி நெளிகுழாய்க்குள் செலுத்திவிடுங்கள், தீச்சுவரை (எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் இடைப்பட்ட தகட்டை) துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியும் வெள்ளையாகத்தான் இருக்கும், அதை அலுமினியம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். சுரண்டினால் உள்ளே சிவப்புத் தெரியும், கடற்காற்று அடிக்கும் நம் ஊருக்கு அது இன்னும் நல்லது.

ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபையரைக் காப்பதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். ஆம்ப்ளிஃபையருக்கு அதன் உடம்பிலேயே ஃப்யூஸ் உண்டு; பேட்டரி அருகே நாம் போடுவது கம்பியைக் காப்பதற்கு. விபத்திலோ உராய்விலோ உறை கிழிந்து கம்பி தகட்டைத் தொட்டால் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும், அப்போது ஃப்யூஸுக்கும் பேட்டரிக்கும் இடைப்பட்ட கம்பிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. அதனால் 45 சென்டிமீட்டருக்குள் வைக்கச் சொல்கிறார்கள். நான் 20 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. உங்கள் கருவியில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு இருந்தால், முன்னால் 80 ஆம்பியர் சரியாக இருக்கும்.

எர்த் கம்பியும் அதே தடிமனாக, அரை மீட்டருக்குள் இருக்கட்டும். எர்த்துக்காகச் சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். தகட்டில் வண்ணத்தை வெள்ளி போல மின்னும் வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து இறுக்கி, மேலே வாஸ்லீன் தடவுங்கள். இல்லையென்றால் இரண்டு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். ஒலிபெருக்கிக் கம்பிக்கு 4 சதுர மில்லிமீட்டர் தாராளம்.

பொருத்தி முடித்ததும் எஞ்சினை ஓடவிட்டு, 50 ஹெர்ட்ஸ் ஒலியைச் சில விநாடிகள் உரக்க ஒலிக்கச் செய்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பிளஸ்ஸிலும் மறு முனையை ஆம்ப்ளிஃபையரின் பிளஸ்ஸிலும் வையுங்கள். நீளமான கம்பித் துண்டு ஒன்று தேவைப்படும். மீட்டர் காட்டுவது கம்பியும் ஃப்யூஸும் சேர்ந்து விழுங்கும் வோல்ட். அதையே இரு மைனஸ்களுக்கும் இடையே செய்யுங்கள். பிளஸ் பக்கம் 0.3க்குள் இருந்து, மைனஸ் பக்கம் அதைவிடக் கூடுதலாகக் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி மீண்டும் சுரண்டுங்கள். அதுவும் பயன்படாவிட்டால், பேட்டரி மைனஸிலிருந்து உடற்பகுதிக்கு வரும் தொழிற்சாலையிலேயே போட்ட அந்தச் சிறிய கம்பியோடு இன்னொரு 25 சதுர மில்லிமீட்டர் கம்பியைச் சேர்த்துப் போடுங்கள்.